குழந்தைக்கு மட்டும்தானா ஊசி?

புதன்கிழமை தடுப்பூசி நாள். தாய்மார்கள் கைக்குழந்தையோடு கிளம்பிவிடுவார்கள். தமிழகமெங்கும் காணும் இந்தக் காட்சிக்குப் புதுக்கோட்டை மாவட்டத்து மீமிசலும் விலக்கல்ல. ஊசி குத்தியதும் குழந்தை வீறிடும். தாய் அணைத்துக்கொள்வாள். ஓரிரு நாள் காய்ச்சல். அப்புறம் கவலை இல்லை.

நல்லது. குழந்தையின் தகப்பனார் எங்கே? கடலில்! இந்தக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாட்களில் புதனும் ஒன்று. அவர் கடைசியாக ஊசி போட்டுக்கொண்டது எப்போது? கேட்டால் சிரிப்பார். "நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்பார்.

சிரிக்கும் விஷயமா இது? ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்வது. துருப்பிடித்த ஆணியோ, சிப்பி ஓடோ காலைக் கிழித்தால் போதும், புண் வழியே உள்ளே புகுந்துவிடும். தாடை இறுகும், உடல் வில்லாய் வளையும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றாலும் பிழைப்பது நிச்சயமில்லை.

பெரியம்மை ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றியது. ஊரில் பலர் அம்மை குத்திக்கொண்டபோது மற்றவர்களும் தப்பினார்கள். 1975-ல் அது இந்தியாவை விட்டே ஓடிற்று. ரணஜன்னி அப்படியல்ல. ஊரே ஊசி போட்டுக்கொண்டாலும், போடாதவருக்குக் காப்பு இல்லை. அவரவர் ஊசிதான் அவரவருக்குக் கவசம்!

கருவுற்ற பெண்களுக்கு ஊசி போட்டதாலும், பிரசவம் சுத்தமாக நடந்ததாலும், பச்சிளங்குழந்தைகளைக் கொன்றுவந்த ரணஜன்னியை இந்தியா வென்றுவிட்டதாக 2015-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆண்களுக்கோ 10 வயதிலும் 16 வயதிலும் போடுவதோடு சரி. அதையும் போடாதவர்கள் எத்தனை பேர்! போட்ட ஊசியின் பலமும் நாளடைவில் குறையும். பத்தாண்டுக்கு ஒரு முறை மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும்.

அதே ஊசியில் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பு உண்டு. 2016-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அந்நோய் மீண்டும் தலைகாட்டியபோது, வளர்ந்த பிள்ளைகளும் பெரியவர்களும் அதில் சிக்கினார்கள்.

ஆண்கள் கரைக்கு வரும் நேரம் பார்த்து ஊசியும் கரைக்கு வர வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீமிசல், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் கரைகளில் ஆண்கள் வலை பின்னிக்கொண்டும் படகைப் பழுதுபார்த்துக்கொண்டும் இருக்கும் காலம் அது. அப்போது சுகாதாரத் துறையினர் கரைக்கே வந்து முகாம் போட்டால் என்ன? கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் ஒரு வார்த்தை சொன்னால், கூட்டம் கூடாதா?

படகுக்குப் பழுது பார்க்கிறோம். வலைக்கு ஒட்டுப் போடுகிறோம். அந்தப் படகை ஓட்டும் உடம்பை மட்டும் மறக்கலாமா? பிள்ளைக்கு ஊசி போட்ட வீட்டில், அந்தப் பிள்ளைக்குச் சோறு தேடித் தரும் கையும் சற்றே நீளட்டும்!