யார் கணக்கில் விதி?
கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், பெரிய மகன் வங்கி அதிகாரியானது தான் வளர்த்த வளர்ப்பு என்றார். சின்னவன் வேலையில் நிலைக்காதது கிரகக் கோளாறாம். தம்பி மகன் குடியில் விழுந்தது மட்டும் தம்பி வளர்த்த லட்சணமாம். ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தபடியே மூன்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். வள்ளுவர் இப்படி ஆள் பார்த்துப் பேசியவரல்ல. குறளின் 38ஆம் அதிகாரத்தில் ஊழை மிஞ்சிய வலிமை ஏது என்று கேட்டவர், 62ஆம் அதிகாரத்தில் சோராமல் உழைப்பவன் அந்த ஊழையே தோற்று ஓடவைப்பான் என்கிறார். இது முரண் என்று பட்டிமன்றக்காரர்கள் மல்லுக்கட்டட்டும். எனக்கென்னவோ இரண்டும் இரண்டு வேளைக்கான பேச்சு என்றே படுகிறது. நாம் வேலையில் இறங்கும்போது பின்னது. பாடுபட்டும் கைகூடாமல் போனவனைப் பார்க்கும்போது முன்னது. நல்ல வளர்ப்பு என்று நான் நம்புவதும் இதைத்தான்: தன் தவறுக்குத் தன்னையே கேட்டுக்கொள்ளவும், அடுத்தவன் சறுக்கும்போது அவன் சூழ்நிலையையும் எண்ணிப் பார்க்கவும் பிள்ளையைப் பழக்குவது. அதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தால், அந்தப் பிள்ளை எதற்கும் பொறுப்பேற்காது. எவர்மேலும் இரக்கமும் கொள்ளாது.