மூணாவது ஸ்டேஜா அண்ணா?



போன மாதம் சித்தூரில் சித்தி மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். காபியை வைத்த கையோடு ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினாள். மாப்பிள்ளைக்குக் குடலிறக்க ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருப்பது தெரிந்திருக்கிறது. அதன் பிறகு எடுத்த ரிப்போர்ட் எல்லாம் அந்தக் கவருக்குள். கடைசித் தாளில் தடித்த எழுத்தில், 'ஜீனோடைப் 3ஏ'.

"மூணாவது ஸ்டேஜா அண்ணா?" என்றாள்.

பத்து நாளாக இந்தக் கேள்வியை வயிற்றில் கட்டிக்கொண்டுதான் சமைத்திருக்கிறாள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறாள். தாளைக் கொடுத்த லேப்பில் விளக்கிச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. கேட்க இவளுக்கும் தைரியமில்லை. மாப்பிள்ளையின் டம்ளரை மட்டும் அடியில் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு வைத்துத் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"உங்க ஊர் மாம்பழத்துல தோத்தாபுரி, பங்கனப்பள்ளின்னு இல்லையா? அது மாதிரி இது வைரஸோட ரகம்மா. நோய் எவ்வளவு முத்தியிருக்குன்னு சொல்ற நம்பர் இல்ல" என்றேன். அதற்கப்புறம்தான் அவள் உட்கார்ந்தாள்.

ரகம் என்றால் என்ன? இந்த வைரஸின் மரபுக் குறிப்பு சுமார் 9,600 எழுத்து நீளம். ரத்தத்திலிருந்து அதைப் பிரித்து, பி.சி.ஆர். முறையில் பெருக்கி, ஒரு பகுதியைப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒரு ரகத்துக்கும் இன்னொன்றுக்கும் நூற்றுக்கு முப்பது எழுத்து வித்தியாசப்படும். இதுவரை எட்டு ரகம். எட்டாவது 2018-இல்தான் வெளியே தெரிந்தது. கண்டுபிடித்தது கனடாவில், ஆனால் அந்த நோயாளிகள் நம் பஞ்சாபிலிருந்து போனவர்கள்! இந்தியாவில் அதிகம் 3, அடுத்தது 1. பக்கத்து வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களின் ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. 4, 6 ரகங்களும் தெற்கே கொஞ்சம் உண்டு.

ஒரு காலத்தில் இந்த நம்பர்தான் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து. அப்போது வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, கூடவே ரிபாவிரின் மாத்திரை. ரகம் 3 என்றால் 24 வாரம். ரகம் 1 என்றால் 48 வாரம், அதிலும் பாதிப் பேருக்குத்தான் குணம். காய்ச்சல், உடம்புவலி, முடி கொட்டுவது, மனச்சோர்வு எல்லாம் சேர்ந்து வரும். ஊசிக்காக நகையை, நிலத்தை விற்றவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பிறகு வந்தது சோஃபோஸ்புவிர். அமெரிக்காவில் 2013-இல் அதற்கு அனுமதி கிடைத்தபோது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். 2015-இல் ஹைதராபாத் நாட்கோ நிறுவனம் 28 மாத்திரையை 19,900 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

இன்று தரும் மாத்திரைகள் எல்லா ரகத்துக்கும் கேட்கும். கல்லீரல் சுருங்காதவர்களுக்குப் பொதுவாக 12 வாரம், தினமும் மாத்திரை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறது. முதல்முறை சிகிச்சைக்குப் போகும் பெரும்பாலானவர்களுக்கு ரகப் பரிசோதனையே தேவையில்லை. அதற்குப் பல ஆயிரம் செலவழித்து, ரிசல்ட் வரட்டும் என்று மாத்திரையைத் தள்ளிப்போடுவானேன்? வைரஸ் ரத்தத்தில் இப்போது இருக்கிறதா என்று சொல்லும் ஆர்.என்.ஏ. டெஸ்ட்தான் முக்கியம். கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். சித்தூர், திருப்பதி பக்கத்தில் இருப்பவர்கள் தனியார் லேப்பில் பணம் கட்டும் முன் அரசு மருத்துவமனையில் இந்தத் திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அதற்காக டாக்டர் ரகம் பார்க்கச் சொன்னாலே சந்தேகப்படவும் வேண்டாம். கல்லீரல் சுருங்கியவர்களிடம் ரகம் 3 கொஞ்சம் முரண்டு பிடிக்கும். குணமானவருக்கு மறுபடி வந்தால், பழைய வைரஸா புதிதாகத் தொற்றியதா என்று பார்க்கவும் ரகம் உதவும். டயாலிசிஸ் எடுப்பவர்கள் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம்.

டம்ளருக்கு வருவோம். இது ரத்தத்தின் வழியாகப் பரவும் நோய். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது, கட்டிப்பிடித்தாலும் ஒட்டாது. ஊசி, ஷேவிங் பிளேடு, பச்சை குத்தும் ஊசி, பரிசோதிக்காத ரத்தம், இவைதான் முக்கியமான வழிகள். திருமலை கல்யாணகட்டாவில் மொட்டைக்கு டோக்கனோடு பிளேடையும் நம் கையில் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் தெரு சலூனில் புது பிளேடு போடுகிறாரா என்று என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா?

மாப்பிள்ளை மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரமாகிறது. முடித்து 12 வாரம் கழித்து மறுபடி ஆர்.என்.ஏ. டெஸ்ட் எடுக்க வேண்டும். அதில் வைரஸ் இல்லையென்றால் குணம். ஆனால் முதலில் எடுத்த ஆன்டிபாடி டெஸ்ட் அதற்குப் பிறகும் பாசிட்டிவ் என்றே காட்டும். நாளைக்கு வேறு ஆபரேஷனுக்குப் போனால் வீடே மறுபடி பதறும். அதனால் அந்தக் கடைசி ரிப்போர்ட்டை ரேஷன் கார்டு, ஆதார் வைக்கும் இடத்தில் பத்திரமாக வையுங்கள், ஒரு ஜெராக்ஸும் எடுத்து.

அன்புடன்,
ஆசிரியர்