வாழ்நாள் துணையாகும் நூல்

சில நூல்கள் படிக்கும் பொழுதே இன்பம் தந்து, பின்னர் மறந்து போகும். சில, தேர்வு முடியும் வரையில் நினைவில் நிற்கும். மிகச் சில நூல்களே ஒருவருடைய வாழ்நாள் முழுவதும் உடன் வரும். அதற்குக் காரணம் யாது? நூலின் சிறப்பே காரணம் என்பர் பலர். அது பாதி உண்மையே. ஒரே நூலை ஆயிரவர் படிக்கின்றனர். ஒரு சிலர் உள்ளத்தில்தான் அது வேரூன்றுகின்றது. ஆகவே, மற்றைப் பாதி படிப்பவரிடமே உள்ளது எனல் வேண்டும்.

1904ஆம் ஆண்டில் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராய் விளங்கினார். ஒரு நாள் அவர் ஜோகானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் புறப்பட்டார். போலக் என்னும் நண்பர், வழியில் படிக்குமாறு ஒரு நூலை அளித்தார். அஃது ஆங்கில அறிஞர் ஜான் ரஸ்கின் இயற்றிய 'அன்டு திஸ் லாஸ்ட்' என்பது. எடுத்த நூலை அடிகளால் கீழே வைக்க இயலவில்லை. அன்றிரவு உறக்கமும் வரவில்லை. எல்லோர் நலத்திலும் தன் நலம் அடங்கும். வழக்கறிஞர் தொழிலும் முடிதிருத்துவோர் தொழிலும் மதிப்பால் ஒன்றே. உழைத்து வாழும் வாழ்வே வாழத்தக்கது என்னும் மூன்று உண்மைகளை அவர் அதிற் கண்டார்.

கண்டு வியந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. அவ்வாண்டிலேயே டர்பனுக்கு அருகில் பீனிக்ஸ் என்னுமிடத்தில் நிலம் வாங்கினார். தம் இதழின் அச்சகத்தை அங்கே மாற்றினார். அனைவரும் உடலால் உழைத்தல் வேண்டும், ஊதியமும் ஒன்றாதல் வேண்டும் எனத் திட்டம் வகுத்தார். 1908இல் அந்நூலின் கருத்தைக் குசராத்தி மொழியில் எழுதி, 'சர்வோதயம்' எனப் பெயரிட்டார். அவர் படித்த நூல்கள் பல அல்ல. படித்தவற்றை நன்கு செரித்துக்கொண்டார்.

அடிகள் செயலால் ஒரு நூலைத் தமதாக்கினார். உழைப்பால் ஒரு நூலைத் தமதாக்கியவர் உ. வே. சாமிநாதையர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரான அவரிடம், "சிந்தாமணி படித்ததுண்டோ?" என்னும் பொருள்பட வினவினார் சேலம் இராமசுவாமி முதலியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல நூல் பயின்றிருந்தும், ஐயர் அக்காப்பியத்தைப் படித்திருக்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது பொருளும் எளிதில் விளங்கவில்லை. அவர் அதனை மூடி வைத்துவிடவில்லை. தாம் ஆசிரியர் என்று எண்ணி நாணாமல், அவ்வூர்ச் சமணர்களிடம் சென்று ஐயம் தெளிந்தார். ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்பிட்டார். 1887இல் சீவக சிந்தாமணி அவர் பதிப்பாக வெளிவந்தது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தலே அவருடைய வாழ்நாள் தொண்டாயிற்று.

பல நூல்களைப் படித்தல் தவறன்று. பலவற்றைப் படித்தாலன்றித் தமக்குரிய நூலைக் கண்டறிதல் அரிது. எனினும், கண்டறிந்த நூலை ஒரு முறை புரட்டிப் பார்த்து மூடிவிட்டால், அது வந்த வழியே போய்விடும். அறியாமல் இழந்த நூலினும், கையிலிருந்தும் நழுவவிட்ட நூலே பேரிழப்பாகும்.

ஆதலின், நூலைப் படித்து முடித்த மாணவன், 'எத்தனை பக்கம் படித்தேன்?' என எண்ணுதல் போதாது. 'இதற்காக யான் என்ன செய்யப் போகிறேன்?' எனத் தன்னைத்தானே வினவுதல் வேண்டும். செயலோ உழைப்போ கொடுத்துப் பெற்ற நூலே என்றும் உடனிருக்கும்.