கோவளமா, விழிஞ்சமா?

கோடை விடுமுறையில் ஊரிலிருந்து உறவினர் வந்தால், திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் கிழக்கேகோட்டையில் பேருந்து ஏறிக் கோவளம் செல்கின்றன. கோவளத்தின் அழகை மறுப்பார் இல்லை. பிறை வடிவக் கடற்கரையும், 1972ஆம் ஆண்டு முதல் ஒளிரும் கலங்கரை விளக்கமும் காண்போர் உள்ளத்தைக் கவர்வன. மணலில் விளையாட விரும்புவோர்க்கு அதுவே ஏற்ற இடம்.

ஆயினும், ஒரு நாள் மட்டுமே வாய்க்குமாயின், அதனை அடுத்துள்ள விழிஞ்சத்தைத் தேர்ந்தெடுப்பதே நன்று. சங்கப் புலவர்கள் பாடிய வள்ளல்களுள் ஒருவன் ஆய் அண்டிரன். அவனுடைய குடிப்பெயரைத் தாங்கிய ஆய் மன்னர்க்குப் பிற்காலத்தில் தலைநகராக விளங்கியது விழிஞ்சம். அதனைக் கைப்பற்றப் பாண்டியரும் சோழரும் போரிட்டனர். எட்டாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் சிறு குடைவரைக் கோயில் ஒன்று இன்றும் அங்கு உள்ளது. அதன் புறச்சுவரில் முற்றுப்பெறாத சிற்பங்களைக் காணலாம். மீன்பிடித் துறையில் படகுகள் கரை சேரும். அருகே, 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பன்னாட்டுத் துறைமுகத்தில் பெருங்கப்பல்கள் நிற்கும்.

"உன் ஊர் எது?" என வினவினால், இங்கு வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் பெற்றோர் பிறந்த ஊரையே கூறுவர். தாம் வாழும் ஊரை அயலூராகவே கருதுவர். தமிழ் இலக்கியம் அறிந்த குடியினர் ஆண்ட மண், நகரப் பேருந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது என்பதை விழிஞ்சம் அவர்களுக்கு உணர்த்தும். வந்த விருந்தினர்க்கு அவ்வரலாற்றை எடுத்துரைக்கும் பிள்ளை, இவ்வூரையும் தன் ஊர் என்று கூறத் தயங்காது.