பிளேனர் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் பொறுங்க!



டிப்ளமோ முடித்ததும் என்ன செய்வது என்ற பேச்சு வரும்போதெல்லாம் நம் வகுப்பில் நாலைந்து பேராவது, "வீட்டுக்குப் பின்னாடி சின்னதா ஒரு மர ஒர்க்‌ஷாப் போடப் போறேன்" என்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அடுத்த வரியிலேயே "முதல்ல ஒரு திக்னஸ் பிளேனர் வாங்கிடணும்" என்கிறார்களே, அங்கேதான் நான் வேறுபடுகிறேன். திக்னஸ் பிளேனர் அருமையான மெஷின். ஆனால் அது முதல் மெஷின் அல்ல என்பதே என் கட்சி.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. என் அப்பா தச்சர். எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான். "நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியேப்பா, வீட்டிலேயே வேலை செய்யற மாதிரி எந்த இழைப்பு மெஷின் வாங்கலாம், சொல்லு" என்று அப்பா கேட்டார். கடன் வாங்கித்தான் வாங்கணும். நான் தப்பாகச் சொன்னால் வட்டி கட்டப்போவது அவர். அந்தக் கேள்விக்காகப் படித்ததும் விசாரித்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மெஷின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பலகையை உள்ளே விட்டால் ரோலர் அதை அழுத்திப் பிடித்து இழுக்கும். மேலே சுழலும் கட்டர் பிளாக்கில் உள்ள பிளேடுகள் சீவும். வெளியே வரும் பலகை முழுக்க ஒரே கனமாக இருக்கும். மகிடா 2012என்.பி. என்ற 12 அங்குல போர்ட்டபிள் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். 1,650 வாட்ஸ், நிமிடத்துக்கு 8,500 சுற்று, 2 பிளேடு. அதாவது நிமிடத்துக்கு 17,000 வெட்டு. அந்த ஒரு நிமிடத்தில் பலகை 8.5 மீட்டர் நகர்கிறது. வகுத்துப் பாருங்கள், அரை மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டு! கையால் இழைத்துத் தோள் வலி கண்டவனுக்கு ஆசை வராமல் இருக்குமா?

ஆனால் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. திக்னஸ் பிளேனர் கனத்தைத்தான் சமமாக்கும், கோணலை நிமிர்த்தாது. வளைந்த பலகையை ரோலர் அழுத்தி நேராக்கும், பிளேடு சீவும், வெளியே வந்ததும் பலகை மறுபடி வளைந்துகொள்ளும். முறுக்கிய பலகை முறுக்கியபடியே, ஆனால் வழவழவென்று வரும். ஆகவே ஒரு பக்கத்தை முதலில் மட்டம் செய்தே ஆகணும். அதற்கு ஒரு சர்ஃபேஸ் பிளேனர் வேண்டும், இல்லை என்றால் இழைப்புளியும் அதைப் பிடிக்கத் தெரிந்த கையும் வேண்டும். இழைப்புளி பிடிக்கத் தெரியாதவன் திக்னஸ் பிளேனர் வாங்கினால் பாதி மெஷின் வாங்கியவன்தான்.

அடுத்த கேள்வி, நமக்கு வரப்போகும் வேலை எது? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் புதிதாக எழும்பும் ஃபிளாட்டுகளுக்குள் போய்ப் பாருங்கள். வார்ட்ரோப், கிச்சன் கப்போர்டு, டி.வி. யூனிட் எல்லாமே பிளைவுட், மேலே மைக்கா. பிளைவுட் கனம் கம்பெனியிலேயே முடிந்து வருகிறது. அதை பிளேனரில் விட்டால் மேல் பட்டை போய்விடும், உள்ளே இருக்கும் பசை பிளேடையும் மழுங்கடிக்கும். கதவு, ஜன்னல் சட்டம், கட்டில், முக்காலி, பூஜை மாடம் என்று கெட்டி மர வேலை கையில் இருந்தால்தான் இந்த மெஷினுக்குச் சோறு கிடைக்கும். அதிலும் அகலமான ஊஞ்சல் பலகை 12 அங்குல மெஷினுக்குள் நுழையாது.

கெட்டி மரம் வாங்கக் காசு இல்லாதவர்கள், இடித்த வீட்டுப் பழைய தேக்கு வாங்குவார்கள். நல்ல மரம்தான், ஆனால் உள்ளே ஆணி இருக்கும். ஒரே ஒரு ஆணி போதும், பிளேடில் பல் விழுந்துவிடும். அதற்குப் பிறகு இழைக்கும் ஒவ்வொரு பலகையிலும் கோடு கோடாக வரும். இன்னொன்று, 1 அங்குலப் பலகையை முக்கால் அங்குலமாக்கினால் கால்வாசி மரம் சீவலாகப் போகிறது. தேக்கைக் கன அடிக் கணக்கில் காசு எண்ணிக் கொடுத்து வாங்கியவனுக்குத்தான் அந்த வலி தெரியும். எந்தப் பலகையை எவ்வளவு சீவலாம் என்ற நிதானம் மெஷினோடு வராது, கை வேலையில்தான் வரும்.

சரி, மெஷின் இல்லாமல் எப்படித் தொழில் செய்வது என்று கேட்பீர்கள். பல மரவாடிகளிலும் சா மில்களிலும் கூலிக்கு இழைத்துக் கொடுக்கிறார்கள். அங்கே இருப்பது பெரிய காஸ்ட் அயர்ன் மெஷின், நம்மால் இப்போது வாங்க முடியாத மெஷின். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நீங்கள் வாங்க நினைக்கும் மெஷின் 60,000 ரூபாய். மாதம் 1,500 ரூபாய்க்கு மரவாடியில் இழைக்கிறீர்கள். 40 மாதம் இழைத்தால்தான் மெஷின் விலை வரும். வட்டி, பிளேடு, கரண்ட் இன்னும் கணக்கில் சேரவில்லை. அதுவே மாதம் 6,000 ரூபாய் கூலி கொடுக்கிறீர்கள் என்றால் 10 மாதத்தில் விலை வந்துவிடும். அப்போது தயங்காமல் வாங்குங்கள். எப்போது வாங்குவது என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல வேண்டாம், உங்கள் கூலிச் சீட்டு சொல்லட்டும்.

சொந்த மெஷின் இல்லாதது கேவலம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவில் வில்லியம் உட்வொர்த் என்பவர் 1828-ல் சுழலும் கட்டரும் அழுத்தும் ரோலரும் கொண்ட பிளேனிங் மெஷினுக்கு பேட்டன்ட் வாங்கினார். அது நீட்டித்து நீட்டித்து 1856 வரை உயிரோடு இருந்தது. அத்தனை வருஷமும் அந்த முறையில் இழைக்க உரிமைப் பணம் கட்டணும், இல்லை வழக்கைச் சந்திக்கணும். இன்றைக்கு அந்தக் கட்டு இல்லை. 1980களில் ஜப்பானின் ரியோபி கம்பெனி ஏ.பி.10 என்ற 10 அங்குல மெஷினை விட்டதிலிருந்து, இரண்டு பேர் தூக்கி மேஜைமேல் வைக்கும் பிளேனர்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. யாரும் வாங்கலாம் என்ற காலம் வந்தது நல்லதே. அதற்காக எல்லோரும் உடனே வாங்கியாகணும் என்று அர்த்தமா?

வாங்கும் நாள் வந்துவிட்டால் எதைப் பார்ப்பது? விலைச்சீட்டை அப்புறம் பாருங்கள், முதலில் பிளேடைப் பாருங்கள். சில போர்ட்டபிள் மெஷின்களில் இரண்டு பக்கமும் வெட்டும் பிளேடு. மழுங்கினால் திருப்பிப் போடலாம், அதுவும் மழுங்கினால் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு வாங்கணும். சாணை பிடிக்கும் பிளேடு என்றால் நம் ஊரில் கவலையே இல்லை. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி இருக்கும் நமக்கு கிரைண்டிங்குக்கும் பேரிங்குக்கும் பஞ்சமா? இது மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத வசதி.

அடுத்து கரண்ட். 1,650 வாட்ஸ் மெஷின் 230 வோல்ட்டில் சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது. 16 ஆம்பியர் பாயின்ட், சரியான எர்த்து கட்டாயம். 3 எச்.பி. காஸ்ட் அயர்ன் மெஷின் என்றால் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் கேட்கும். வீட்டு மீட்டரில் தொழில் நடத்தினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் கூடுதல் கட்டணம் போட இடம் உண்டு. அதையும் விலையோடு சேருங்கள்.

செகண்ட் ஹேண்ட் மெஷின் என்றால் பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு பிளாக்கைக் கையால் சுற்றிப் பாருங்கள், பேரிங் கரகரக்கிறதா என்று தெரியும். பிறகு அகலமான ஒரு பலகையை இழைக்கச் சொல்லி, இடது ஓரம் வலது ஓரம் இரண்டிலும் வெர்னியர் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் டேபிளோ பிளாக்கோ சாய்ந்திருக்கிறது. லேபில் மார்க்குக்காகப் பிடித்த வெர்னியர் வாழ்க்கைக்கு உதவும் இடம் இதுதான்!

தூசியை மறக்கவே கூடாது. மரத்தூள் மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. சுவரும் சுவரும் ஒட்டிய நம் தெருக்களில் அந்தத் தூசி நம் வீட்டுப் பாட்டிக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் போகும். சத்தமும் அப்படியே.

ஆக, என் யோசனை இதுதான். முதல் வருஷம் நல்ல இழைப்புளி ஒன்று, 82 மி.மீ. கை பிளேனர் ஒன்று, மீதிக்கு மரவாடி. கூலிச் சீட்டு வளர்ந்த பிறகு திக்னஸ் பிளேனர். முடிந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குங்கள். வீட்டில் கைத்தொழில் செய்யும் பெரியவர்கள் இருந்தால், 2025 ஏப்ரலில் குன்றத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டம் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். 35 வயது ஆனவர்களுக்கு, கடனில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள்.

நம் மாணவர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு சனிக்கிழமை, வெர்னியரும் டயல் கேஜும் எடுத்துக்கொண்டு இந்தப் பக்கத்துத் தச்சர்களின் மெஷின்களைச் சோதித்துக் கொடுப்போமே! நமக்கு அனுபவம், அவர்களுக்கு உதவி. படித்த பிள்ளை சொன்னான் என்று நம்பித்தான் நம் வீடுகளில் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஏற்ற மாதிரி அளந்து, கணக்குப் போட்டுச் சொல்வோம். டிப்ளமோவுக்கு அதைவிட வேறு என்ன மரியாதை வேண்டும் தோழர்களே?