கொட்டுக்கு ஆடாத ஒளி

இசை மேடைகளில், வாசிப்போருக்குப் பின்னால் பெருந்திரையொன்றை நிறுத்தி, இசையோடு ஒளியுருவங்களை அசையவிடும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவிவிட்டது. ‘திரை மேளத்தைக் கேட்டு இயங்குகின்றது’ என்பர் அதனை இயக்குவோர். இக்கூற்றுப் பெரும்பாலும் பொய்யாகும். திரை கேட்பது மேளத்தையன்று, ஓசையின் அளவையே. இவ்வேறுபாடு வெறும் தொழில்நுட்ப நுணுக்கமெனப் புறந்தள்ளத் தக்கதன்று.

நடைமுறையில் நிகழ்வது இதுதான். மேடையின் எல்லா ஒலிகளும் கலந்த ஒரே மின்சைகையைக் கணினி பெற்று, பூரியர் உருமாற்றத்தினால் அதனை மீடிறன் பட்டைகளாகப் பிரிக்கின்றது. தாழ்ந்த பட்டையின் வலு குறித்த எல்லையைத் தாண்டினால் பேஸ் றம் அடிக்கப்பட்டதாகக் கொண்டு வட்டமொன்றை விரிக்கின்றது. உயர்ந்த பட்டை தாண்டினால் ஹை-ஹற் எனக் கொண்டு பொறிகளைச் சிதறவிடுகின்றது. றம் தனித்தொலிக்கும்போது இம்முறை ஓரளவு பலிக்கும். பேஸ் கிற்றார் சேர்ந்ததும் குலைந்துவிடும். செக்கனுக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் கணினி 1,024 மாதிரிகளை ஒருங்கே ஆராயுமாயின், பட்டையொவ்வொன்றும் ஏறத்தாழ 43 ஹேர்ட்ஸ் அகலமுடையதாகும். பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஒலிப்பது 41 ஹேர்ட்ஸில். பேஸ் றம்மின் வலுவோ பெரும்பாலும் 50 முதல் 100 ஹேர்ட்ஸ் வரையில். இரண்டும் அடுத்தடுத்த வீட்டார், இடையிலே வேலியில்லை. பட்டையைக் குறுக்க விரும்பி 4,096 மாதிரிகளை எடுத்தால், ஆராயும் காலம் 93 மில்லிசெக்கனாக நீண்டு, அடி எப்பொழுது விழுந்தது என்பது மங்கிவிடும். மீடிறனைத் துல்லியமாக அறிய முனைந்தால் காலம் நழுவும் என்பது எந்த மென்பொருளாலும் விலக்க முடியாத கணித விதி. ஸ்நெயர் றம்மின் கம்பிகள் எழுப்பும் இரைச்சலோ ஹை-ஹற்றின் பட்டைக்குள்ளும் பாய்கின்றது. அடி ஒன்று, துள்ளும் உருவம் இரண்டு!

பார்ப்போர் இதனைக் கவனியார் என்பது சிலரது சமாதானம். மரிம்பா வாத்தியத்தை வாசிப்பவரின் கைவீச்சு நீண்டிருக்கக் கண்டோர், ஒலி மாறாதிருந்தும், அது நீண்டொலித்ததாகவே மதிப்பிட்டனர் என மைக்கல் ஷுற்ஸ், ஸ்கொற் லிப்ஸ்கம் ஆகியோர் 2007 இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகின்றது. காது தனித்துக் கேட்பதில்லை. அங்ஙனமாயின், அடி விழாத இடத்தில் துள்ளும் திரை, கலைஞன் வாசியாத ஒன்றை அவன் பெயரில் நம் செவியில் ஏற்றிவிடக்கூடும். கவனியாதிருப்பதே இங்கு ஆபத்து.

மேலைத்தேய றம் தொகுதிக்கு மாற்றுவழி எளிது. ஒவ்வொரு றம்மிலும் தொடுகை உணரியொன்றைப் பொருத்திவிட்டால், கலந்த ஒலியிலே துழாவ வேண்டியதில்லை. 1983 இல் வந்த மிடி முறையின்படி அடியின் வலுவும் 1 முதல் 127 வரையான எண்ணாகக் கணினியை அடையும். ஓரடிக்குப் பின் சில பத்து மில்லிசெக்கன்களுக்கு உணரியைச் செவிடாக்கிவிட்டால், தோலின் எஞ்சிய அதிர்வு மறு அடியாக எண்ணப்படமாட்டாது.

மிருதங்கத்துக்கு இவ்வழி போதாது. ஒரே வலந்தலையில் நம், தின், சாப்பு எனப் பல சொற்கள் பிறக்கின்றன; அடி விழுந்ததை உணரி அறியும், எச்சொல் பிறந்ததென அறியாது. கரணை எனும் கருஞ்சாந்து ஏறிய தோலின் மேற்றொனிகள், ஏனைய தோற்கருவிகளிற் போலன்றி, எளிய முழுவெண் விகிதங்களில் அமைவதை 1920 இலேயே சி. வி. இராமன் எடுத்துக்காட்டினார். விரலொன்று தோலை மெல்லத் தொட்டிருக்க இன்னொன்று அடிக்கும்போது சில அதிர்வுகள் அடங்கிச் சில ஓங்குகின்றன. சொல்லின் அடையாளம் அங்கேதான் உள்ளது. மேலும், வலந்தலை பாடகரின் ஆதார சுருதிக்கே சேர்க்கப்படுவதால் அதன் மேற்றொனிகள் தம்புராவின் பட்டைகளிலேயே வந்து விழுகின்றன. றம் தொகுதிக்கென வகுத்த ஆயத்த அளவுகளை அப்படியே மிருதங்கக் கச்சேரிக்குத் திருப்பிவிடுவோர் செய்வது அறிவீனமன்றி வேறில்லை.

எல்லா அடிக்கும் உருவம் விடையளிக்க வேண்டுமென்பதும் இல்லை. மட்டக்களப்புக் கூத்திலே அண்ணாவியாரின் மத்தளம் ஒலிக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஆட்டக்காரன் துள்ளுவதில்லை. தாளக்கட்டை உடலில் வாங்கி, எங்கே மிதிப்பது, எங்கே சுழல்வது என்பதைப் பழக்கத்திலே தேர்ந்துகொள்கின்றான்.

திரையை இயக்குவோரும் அவ்வாறே ஒத்திகைக்கு வரவேண்டும். வித்துவான் ஒவ்வொரு சொல்லையும் மெல்லவும் ஓங்கியும் பலமுறை தனியே வாசிக்க, அவற்றைப் பதிவுசெய்து கணினிக்குப் பழக்கவேண்டும். பிரித்தறிய முடியாத சொற்களுக்குத் திரை அசையாதிருக்கட்டும். வித்துவானின் ஒரு மணிநேரத்துக்கு உரிய ஊதியம் கொடுப்பதே இதிலுள்ள பெருஞ்செலவு. திரைக்கும் விளக்குக்கும் கணக்குப் பாராது செலவிடுவோர் அதனை மட்டும் மிச்சம்பிடிப்பதேன்?