சந்தன ஆலையும் சந்தனக் காடும்

மணவீட்டு வாயிலில் வருவோரை முதலில் வரவேற்பது சந்தனக் கிண்ணம். கோயிலில் இறைவன் திருமேனிக்குச் சாத்துவதும் சந்தனமே. இத்தனை மங்கலமான பொருளுக்குப் பின்னே ஒரு நூற்றாண்டு கண்ட ஆலையும், ஒரு கொள்ளையனின் பெயரும், பல ஏழைகளின் கண்ணீரும் இருக்கின்றன. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மைசூர் செல்லும் நம் சங்கத்துக் குடும்பங்கள் அரண்மனையையும் பிருந்தாவனத்தையும் கண்டு திரும்பிவிடுகின்றன. இத்திங்கள் நாம் சொல்லப்போவது அவ்விரண்டுக்கும் அப்பால் உள்ளதைப் பற்றி.

ஏர்பேட்டிலிருந்து திருப்பதி சேர்ந்தால், அங்கிருந்து மைசூருக்கு நேரே இரயில் உண்டு. மைசூரில் அசோகபுரம் பக்கம் சந்தன எண்ணெய் ஆலை இருக்கிறது. பார்வையாளரை உள்ளே விடும் நேரத்தை முன்னரே விசாரித்துக்கொண்டு செல்லுதல் நலம்.

ஆலை பிறந்த கதை சுவையானது. முற்காலத்தில் மைசூர்ச் சந்தனம் கட்டையாகவே கப்பலேறி ஐரோப்பா சென்றது. எண்ணெய் வடித்து இலாபம் கண்டவர் அங்கிருந்தவர்களே. 1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. ஜெர்மனிக்குச் சென்ற கட்டை நின்றது, கிடங்குகளில் குவிந்தது. மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் திவான் விசுவேசுவரையாவும், எண்ணெயை நாமே வடிப்போம் என்று துணிந்தனர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் சட்பரோவும் வாட்சனும் அதற்கு வழி கண்டனர். 1916-இல் பெங்களூரிலும் 1917-இல் மைசூரிலும் ஆலைகள் எழுந்தன. அந்த எண்ணெயைக் கொண்டு 1918-இல் பிறந்ததே நாம் அறிந்த மைசூர் சாண்டல் சோப்பு.

வேலை முறை எளியது; பொறுமை வேண்டுவது. சந்தன மரத்தின் மேற்புறத்து வெள்ளைக் கட்டையில் மணமில்லை. உள்ளே வைரம் பாய்ந்த பகுதியிலும் வேரிலுமே எண்ணெய் உள்ளது. அதைச் சீவித் தூளாக்கிப் பெருங்கலத்தில் இட்டு நீராவி பாய்ச்சுகின்றனர். ஆவியோடு எழும் எண்ணெய், குளிர்ந்தவுடன் நீரின்மேல் மிதக்கிறது, அதை இறுத்தெடுக்கின்றனர். நூறு கிலோ கட்டையில் ஐந்தாறு கிலோ எண்ணெய் கிடைத்தால் அதுவே பெரிது. அம்மரமோ பக்கத்துச் செடிகொடிகளின் வேரில் தன் வேரைப் பதித்து உணவு வாங்கி வாழ்வது. நன்கு வைரம் பாய முப்பது ஆண்டுகளேனும் ஆகும். விலை ஏன் விண்ணை முட்டுகிறது என்பது இப்போது விளங்கும்.

விலை உயர்ந்த பொருளுக்குச் சட்டமும் கடுமையாயிற்று. 1792-இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்கே உரிய மரமாக அறிவித்தார். பின்வந்த ஆட்சிகளும் அவ்வழியே சென்றன. தன் நிலத்தில் தானே முளைத்த மரமாயினும் குடியானவனுக்கு அது சொந்தமில்லை. களவு போனாலோ அவனே விசாரணைக்கு நிற்க வேண்டும். ஆகவே சந்தனக் கன்றைக் கண்டால் வளர்க்க அஞ்சியவரே மிகுதி. கர்நாடகம் 2001-லும் தமிழ்நாடு 2002-லும் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்கு உடையவனே மரத்துக்கும் உடையவன் என்றன. அதற்குள் காடு வெகுவாக வெறுமையாகிவிட்டது.

அவ்வாறு வெறுமையாகிய காட்டைக் காண மைசூரிலிருந்து கொள்ளேகால் வழியே கிழக்கு நோக்கிச் செல்ல வேண்டும். ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவில் மாதேசுவரன் மலை. அங்கு வணங்கிவிட்டு, பாலாறு வழியாகச் சென்றால் கோபிநத்தம் என்னும் சிற்றூர். தமிழ் பேசும் மக்கள் மிகுந்த அவ்வூரில் 1952-இல் பிறந்தவன் வீரப்பன். முதலில் தந்தத்துக்காக யானையைக் கொன்றான். பிறகு சந்தனத்தில் இறங்கினான். 2000-ஆம் ஆண்டு கன்னட நடிகர் இராஜ்குமாரைக் கடத்தி 108 நாள் காட்டில் வைத்திருந்தான். 2004 அக்டோபர் 18-ஆம் நாள் தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே தமிழ்நாட்டு அதிரடிப் படையினர் அவனைச் சுட்டு வீழ்த்தினர். இன்றும் அப்பக்கம் செல்வோர் அவன் மீசையைப் பற்றியே கேட்கின்றனர்.

நாம் கேட்க வேண்டிய பெயர் வேறொன்று. நம் ஆந்திர மாநிலத்து இராஜமுந்திரியில் பிறந்த வன அதிகாரி சீனிவாஸ், கோபிநத்தத்து மக்களுக்கு மருந்து கொடுத்தார். மாரியம்மனுக்குக் கோயில் எழும்பத் துணை நின்றார். வீரப்பன் சரணடையப்போவதாகச் சொல்லியனுப்பியதை நம்பி, ஆயுதமின்றிச் சென்றார். 1991 நவம்பர் 10-ஆம் நாள் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார். அரசு கீர்த்தி சக்கரம் அளித்தது. அவ்வூராரோ அவர் படத்தை வைத்து வணங்குகின்றனர்.

சந்தனத்தின் பெயரால் துன்புற்ற மற்றோர் ஊர் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி. 1992 ஜூனில் கடத்தல் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அம்மலைமக்களின் வீடுகளைச் சூறையாடினர். 18 பெண்களைக் கெடுத்தனர். குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியருள் உயிரோடிருந்த 215 பேருக்கும் 2011-இல் தண்டனை கிடைத்தது. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீதி வந்தது, வருவதற்கு முப்பதாண்டுகள் பிடித்தன.

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று நாம் இருந்துவிட இயலுமா? ஏர்பேட்டிலிருந்து மேற்கே நோக்கினால் தெரியும் சேஷாசல மலைத்தொடரில் செம்மரம் விளைகிறது. உலகில் மிகச் சில இடங்களிலேயே காடாக வளரும் அம்மரம், கிழக்காசிய நாடுகளில் மனைப் பொருள்களுக்கும் இசைக்கருவிகளுக்கும் விரும்பப்படுவது. அதை வெட்டத் தமிழ்நாட்டு மலைப்பகுதிகளிலிருந்து கூலிக்கு ஆள் கொண்டுவருகின்றனர். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் அக்காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். தாக்க வந்ததால் சுட்டோம் என்றது காவல்துறை. பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனவர்கள் என்றனர் உறவினர். மாண்டவர்களுள் கட்டையை விற்றுப் பொருள் குவித்த பெருவணிகர் ஒருவரும் இல்லை.

சந்தனமாயினும் செம்மரமாயினும் வரலாறு ஒன்றே. மரத்தின் விலை தொலைதூரச் சந்தையில் ஏறுகிறது. இலாபம் இடையிலுள்ளோர் பைக்குச் செல்கிறது. கோடரி பிடித்தவன் தோளில் குற்றமும் குண்டும் விழுகின்றன. பெயர் பெற்ற கொள்ளையனைப் பற்றிப் பாட்டும் படமும் உண்டு. பெயரற்ற கூலியாளுக்கு ஊரில் காத்திருக்கும் மனைவி மக்கள் மட்டுமே உண்டு.

ஆதலின் அன்பர்களே, மைசூர் செல்லுங்கள். ஆலையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கோபிநத்தம் சென்றால் சீனிவாசின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். இங்கு நம் இரயிலடியிலோ பேருந்து நிலையத்திலோ, வழி தெரியாமல் தமிழ் பேசி நிற்கும் மலைநாட்டு இளைஞனைக் கண்டால், முகம் திருப்பிச் செல்லாதீர்கள். எந்த வேலைக்கு, யார் சொல்லி வந்தாய் என்று உடன்பிறந்தான்போல் விசாரியுங்கள். பெரிய கூலி என்று ஆசைகாட்டப்பட்டவனாயின் நடந்ததை எடுத்துச் சொல்லி, ஊருக்குத் திரும்பும் பயணச்சீட்டை வாங்கிக் கொடுங்கள். சில நூறு ரூபாயில் ஒரு குடும்பம் பிழைக்குமாயின், அதைவிட மணமுள்ள அறம் வேறெது?